பரவைக்கடலில் சீனாக்காரனின் வேலி

என் தங்கச்சியின் புருசனுடைய குரலை ஒஸ்லோவில், ரொம்மனில், ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு நடுவில் போட்டுக் காட்டியது நான்தான். ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, மைக்கையும் கிட்டக் கொண்டுவரச் சொன்னேன். பின்னுக்கு இருந்தவர்களுக்கும் கேட்க வேண்டுமென்று விரும்பினேன்.

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போகும். போகட்டும். நோர்வேயின் வடக்கே, மாரியில் சூரியன் எழும்பாத ஊரில், பதினொரு வருசம் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். அங்கே ஒருவரும் என்னிடம் எழுதத் தெரியுமா என்று கேட்கவில்லை. கத்தி பிடிக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். தெரியும் என்றேன். அந்தக் கத்தியால் என் வீட்டையும், மகனின் படிப்பையும், ஊரில் தங்கச்சி குடும்பத்தையும் நான்தான் தூக்கி நிறுத்தினேன். ஆகையால் ஊரில் தங்கச்சி வீட்டில் எது நடப்பதென்றாலும் ஒஸ்லோவில் புருசெத்தில் நாலாம் மாடியில் இருக்கிற என்னைக் கேட்டுத்தான் நடக்கும். பிள்ளைக்குப் பெயர் வைப்பது, கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவது, பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீட்டுக்கு யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது, எல்லாம்தான். ஒருமுறை என்னைக் கேட்காமல் முன்சுவருக்கு ரோஸ் நிறம் அடித்துவிட்டார்கள். மூன்று மாதம் நான் தொலைபேசி எடுக்கவில்லை. நாலாம் மாதம் வெள்ளைச் சுவரின் படம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு எடுத்தேன்.

தங்கச்சியின் புருசன் பரவைக்கடலில் தொழில் செய்கிறவர். இடுப்பளவு தண்ணீர் நிற்கிற கடல் அது. தடி நட்டு வலை கட்டிவிட்டு வந்து, விடியப் போய் இறால் அள்ளுவார்கள். யாருடைய தடி எங்கே நிற்க வேண்டும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்தைப் பாடு என்று சொல்வோம். தகப்பனுடைய பாடு மகனுக்கு வரும். அதற்கு உறுதிப் பத்திரம் கிடையாது, வரைபடம் கிடையாது. நாலு பேரின் வாய்தான் சாட்சி.

அந்தக் கடலுக்குச் சீனாக்காரர் வந்தார்கள். முதலில் கரையில் ஒரு தகரக் கட்டடம் போட்டு, கடலட்டைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். காலில் மிதிபட்டால் தள்ளிவிட்டுப் போகிற அந்த அட்டையை அவர்கள் கலியாண வீட்டில் வைத்துத் தின்கிறார்களாம். பிறகு கடலுக்குள்ளேயே கம்பு நட்டு, வலை அடித்து, துண்டு துண்டாக வேலி போட்டார்கள். எங்கள் ஊர்ச் சனம் கரையில் கொட்டில் போட்டு மறித்துக்கொண்டு இருந்தது. தங்கச்சியின் புருசன் முன்வரிசையில் சுலோக மட்டை பிடித்துக்கொண்டு நிற்கிற படம் எனக்கு வந்தது. அதை நான் ரொம்மனில் ஒவ்வொருவருக்கும் காட்டினேன். "என்ர தங்கச்சியின்ர மனிசன்" என்று விரலால் தொட்டுக் காட்டினேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு வியாழக்கிழமை அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது.

"மச்சாள், நான்தான். இஞ்சை காத்து அடிக்குது, விளங்குதோ தெரியேல்லை. விசயம் என்னெண்டால், எங்கடை பாட்டடிக்கு வேலி வந்திட்டுது. அடுத்த கிழமைக்குள்ளை பண்ணையிலை பதியிறவைக்கு உள்ளுக்கை ஒரு துண்டு குடுக்கினமாம், அட்டைக் குஞ்சும் குடுக்கினமாம். பதியாட்டில் என்ர பாடு மற்றவன்ர துண்டுக்குள்ளை போயிடும். மறிப்பிலை நான் முன்னுக்கு நிண்டனான், அது உங்களுக்குத் தெரியும். இப்ப கொட்டிலிலை உண்மையா ஆறு பேர்தான். மற்றவை பகலிலை எங்களோடை குந்தியிருந்துபோட்டு, பொழுதுபடப் போய்ப் பதிஞ்சுபோட்டு வருகினம். அந்தச் சீனாக்கார மனேச்சர் ஒரு விசரன், தண்ணி எந்தப் பக்கம் வத்துமெண்டே தெரியாது. நீங்கள் ஓம் எண்டால் நான் பதியிறன். வேண்டாமெண்டால் விடுறன். ஆனால் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ மச்சாள். இவளுக்கும் நான் இன்னும் சொல்லேல்லை."

ஒரு கிழமைதான் அவருக்கு இருந்தது. நான் மறுமொழி சொல்லவில்லை. கேட்டுவிட்டேன் என்பதற்கு அந்த நீலக் குறி அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியட்டும் என்று விட்டேன். ஒரு ஆண்பிள்ளை கடற்கரையில் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

சீனாக்காரரை வெறுக்க எனக்கும் காரணம் இருந்தது. கடைசிச் சண்டையில் எங்கள் கடைக்குட்டித் தம்பி பங்கருக்குள் போகமுதல் விமானம் குண்டு போட்டது. நான் புருசெத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். அது எந்த நாடு விற்ற விமானம் என்று எனக்குத் தெரியாது. சிலர் சீனா என்றார்கள், சிலர் வேறு நாடு என்றார்கள். எனக்கு ஒரு நாடு வேண்டியிருந்தது, சீனாவை எடுத்துக்கொண்டேன். பிறகு ஜெனீவாவில் ஐ.நா. சபையில் கொழும்புக்காரருக்காக அவர்கள் கை உயர்த்தியபோது நான் எடுத்தது சரி என்று மனம் ஆறிவிட்டது.

அந்த ஞாயிறு மத்தியானம் எல்லிங்ஸ்ருட்டில் மகன் வீட்டில் சாப்பாடு. மகன் லக்ஸ் என்கிற சால்மன் மீன் ஏற்றுமதி செய்கிற நிறுவனம் ஒன்றில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். சீனாவுக்கு மீன் விற்கிற பகுதிக்கு அவன்தான் பொறுப்பு. சீன மொழியும் கொஞ்சம் படித்திருக்கிறான். இதை நான் ரொம்மனில் சொன்னதில்லை. கேட்டால் "மீன் பகுதியிலை பெரியாள்" என்பேன், எந்த நாட்டு மீன் எந்த நாட்டுக்குப் போகிறது என்று ஒருவரும் தோண்டுவதில்லை.

சாப்பிடும்போது அவனே கதையைத் தொடங்கினான். சீனாவில் சிறையில் இருந்த ஒருவருக்கு நோர்வே சமாதானத்துக்கான நோபல் பரிசு கொடுத்த பிறகு, சீனா ஆறு வருசம் நோர்வேயின் முகத்தைப் பார்க்கவில்லை. அமைச்சர்கள் வருகிறோம் என்றாலும் வேண்டாம் என்றது. மீனை எல்லையில் மறித்து மறித்துப் பரிசோதித்தது.

"அப்ப நோர்வே என்ன செய்தது?" என்று கேட்டேன்.

"கடைசியிலை ஒரு அறிக்கை விட்டவை அம்மா. உங்கடை முக்கியமான விசயங்களை மதிக்கிறம், அதுக்கு எதிரா நடக்கிற ஒண்டுக்கும் துணை போக மாட்டம் எண்டு."

"பரிசு குடுத்தது பிழையெண்டு சொன்னவையோ?"

"அந்தச் சொல்லு இல்லை. அது இல்லாமல்தான் எழுதினவை."

"அது காலிலை விழுந்ததுதானே."

"ஓம். ஆனால் முழங்கால் நிலத்திலை முட்டேல்லை." அவன் சிரித்துக்கொண்டு இறைச்சிக்கறியை என் பக்கம் தள்ளினான். "இப்ப லக்ஸ் போகுது. நான் அங்கை போற வாற இடத்திலை ஒருத்தரும் அந்தப் பரிசைப் பற்றி வாய் திறக்கிறேல்லை. சாப்பாடு நல்லம்."

மருமகள், "மாமி, அங்கை விருந்திலை கடலட்டையும் வைச்சவையாம், இவர் திண்டவராம்" என்றாள்.

"ரப்பர் மாதிரி" என்றான் மகன்.

ஊரில் இருந்து வந்த குரல்பதிவைப் பற்றி அவனிடமும் சொல்லவில்லை. அங்கிருந்து நேரே ரொம்மனுக்குப் போனேன், பின்னேரம் தமிழ்ச் சனத்தின் கூட்டம் இருந்தது.

அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் ஊரில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர் ஒருவர். தேத்தண்ணியும் வடையும் முடிந்ததும் உலக அரசியல் சொல்லுவார். அன்றைக்குச் சீனா. தெற்கே துறைமுகம் கட்டியது, கடன் கட்ட முடியாமல் கொழும்பு அதைத் தொண்ணூற்றொன்பது வருசக் குத்தகைக்குக் கொடுத்தது, வடக்கே இப்போது கடலுக்குள் இறங்கியிருப்பது என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். அவர் சொல்லுகிற விதத்தில், சீனத் தலைவர் காலையில் அவர் வீட்டில் கோப்பி குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று நினைக்க வேண்டும்.

முன்வரிசையில் தமிழ்நாட்டுப் பெண்பிள்ளை ஒன்று இருந்தது. கணினி வேலைக்கு வந்தது, நல்ல பிள்ளை. அது என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஊர்ப் பக்கம்தானே அது? சைனாக்காரனுக்கு நம்மாளுங்களே கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறாங்களாமே. வேணாம்னு சொல்ல யாருமே இல்லையா?" என்று கேட்டது.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பினேன்.

"இருக்கிறம் பிள்ளை. சொந்தக்காரனெண்டும் பாராமல் வேண்டாமெண்டு சொல்ல ஆள் இருக்கு. கேளுங்கோ."

அப்போதுதான் அந்தக் குரலைப் போட்டேன். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ மச்சாள்" என்ற இடம் வந்தபோது பின்னுக்கு இருந்து யாரோ சிரித்தார்கள். நான் அங்கேயே, மைக்குக்கு முன்னால், மறுமொழியையும் பதிந்தேன். வழமையாக நான் அவரை "நீர்" என்றுதான் சொல்லுவேன். அன்றைக்கு "நீ" என்றேன்.

"தம்பி, நான் உன்ர மச்சாள் கதைக்கிறன், சனத்துக்கு நடுவிலை நிண்டுதான் கதைக்கிறன். எங்கடை தம்பியைத் திண்டவங்களுக்கு நீ கடலைக் குடுக்கப் போறியோ? குடு. குடுத்துப்போட்டு என்ர தங்கச்சியைக் கொண்டுபோய்க் கோயிலடியிலை விடு. அந்த வேலிக்குள்ளை கால் வைக்கிற ஆம்பிளைக்கு எங்கடை வீட்டிலை பாய் இல்லை."

கைதட்டினார்கள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலைந்து பேர் தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்ததை நான் கண்டேன். முகத்தைக் கொஞ்சம் நேராக்கிக்கொண்டேன்.

ரொம்மனில் இருந்து பஸ் எடுத்து புருசெத்தில் இறங்கமுதல் அந்தப் பதிவு ஊருக்குப் போய்விட்டது. தங்கச்சி எடுத்தாள். பஸ்ஸுக்குள் நின்றபடி தொலைபேசியில் கதைத்தேன்.

"அக்கா, என்ன செய்துபோட்டியள்? கொட்டிலிலை போட்டுக் கேக்கினம். இவர் அங்கைதான் இருக்கிறார்."

"இருக்கட்டும். செய்யப்போனதைத்தானே சொன்னனான்."

"அவர் உங்களைக் கேட்டவர் அக்கா. கேட்டது மட்டுந்தானே."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கம் கூடி அவருடைய பெயரை வெட்டியது. அவருடைய தடிகளைப் பிடுங்கிக் கரையில் எறிந்தார்கள். பிடுங்கினவர்களில் பலர் பொழுதுபட்ட பிறகு போய்ப் பதிந்துவிட்டு வந்தவர்கள்தான். குரல்பதிவில் அவர் அவர்களைப் பற்றித்தான் சொல்லியிருந்தார். பண்ணைப் பக்கம் போனால், குரல்பதிவில் வந்த அந்த விசரன் என்ற சொல்லைப் பைத்தியக்காரன் என்று அங்கே இருந்த மொழிபெயர்ப்பாளன் மனேச்சருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டான். உனக்குத் துண்டு கிடையாது என்று வாசலில் வைத்தே சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கிழமை முடிந்தது. அவருடைய பாடு பக்கத்து வீட்டுக்காரனின் வேலிக்குள் போனது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏனென்றால் நான் ஊருக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. அவர்கள் எடுத்து, அக்கா நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இலை கொட்டியது, பனி விழுந்தது, பல்கனிக் கதவு இறுகிப்போனது. தொலைபேசி அடிக்கவில்லை. வெள்ளைச் சுவர் வந்ததுபோல இதுவும் வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் தங்கச்சி அழைப்பு எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை.

"அக்கா, ஒண்டு கேக்கிறன். அக்கரையிலை வேலி இல்லாத பொதுப் பாடு கொஞ்சம் கிடக்கு. அதைச் சங்கம் தன்ர ஆக்களுக்குப் பிரிக்கப் போகுது. இவரைத் திரும்பச் சேர்த்தால் ஒண்டு கிடைக்கும். நீங்கள் வாயாலை சொன்னால் சேர்ப்பினமாம். இப்பிடிச் சொல்லுங்கோ, அவர் பதியேல்லை, என்னட்டை நம்பிக் கேட்டவர், நான் அதைச் சபையிலை போட்டது பிழையெண்டு. அவ்வளவுதான்."

"ஆருக்குச் சொல்லுறது?"

"எல்லாருக்கும். எல்லாருக்கும் கேக்கத்தானே மற்றதைச் சொன்னனீங்கள்."

யோசிக்கிறேன் என்றேன். மகனிடம் போனேன். முழுவதையும் அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன்.

"பிழையெண்டு சொல்லுங்கோவன் அம்மா. ஒரு சொல்லு."

"ரொம்மனுக்கும் அது வரும். அங்கை எப்பிடி முகம் குடுக்கிறது?"

"அப்ப நோர்வே செய்த மாதிரிச் செய்யுங்கோ. அந்தச் சொல்லு இல்லாமல் எழுதித் தாறன்." பகிடியாகத்தான் சொன்னான். நான் பகிடியாக எடுக்கவில்லை. கடதாசியும் பேனையும் எடுத்து முன்னால் வைத்தேன். அவன் என்னைப் பார்த்தான். "ஆனால் ஒண்டு சொல்லுறன் அம்மா. நோர்வே சின்ன நாடு, அதுக்கு வேறை வழி இல்லை. நீங்கள் நோர்வே இல்லை. நீங்கள்தான் சீனா. ஒரு ரோஸ் சுவருக்கு மூண்டு மாசம் போன் எடுக்காத ஆள்."

எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது. அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதியதில் பிரயோசனம் இல்லை.

அவன் எழுதித் தந்தான். நான் எழுத்துக் கூட்டி வாசித்துப் பதிந்தேன். சங்கத்தின் கட்டுப்பாடுகளை நான் மதிக்கிறேன். சங்கத்துக்கு முக்கியமான விசயங்களில் இனிக் கவனமாக நடப்பேன். நடந்தவற்றால் இரண்டு பகுதிக்கும் ஏற்பட்ட கசப்பு நீங்கி நல்ல உறவு தொடர வேண்டும் என்று விரும்புகிறேன். வாசித்து முடித்தபோது என் குரல் வானொலிச் செய்தி வாசிக்கிறவளின் குரல்போல இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நினைத்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து நானே எடுத்தேன்.

"என்ன மாதிரி? சேர்த்தவையோ?"

"இல்லை அக்கா."

"ஏன்?"

"கொட்டிலிலை போட்டுக் கேட்டவை. ஒஸ்லோவிலை இருந்து அரசாங்கம் அறிக்கை விட்டிருக்கு எண்டு ஒருத்தன் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவை. இவரும் அங்கை வெளியிலை நிண்டவர். செயலாளர் திரும்ப ஒருக்கால் போட்டுக் கேட்டுப்போட்டு, இதிலை பிழையெண்டு எங்கை இருக்கு எண்டு இவரைக் கேட்டவர். இவர் என்னத்தைச் சொல்லுறது? அக்கரைப் பாடு பிரிச்சாச்சு."

"இப்ப அவர் என்ன செய்யிறார்?"

"பண்ணைக்குப் போறார்."

"எந்தப் பண்ணைக்கு?"

"ஊரிலை எத்தினை பண்ணை இருக்கு அக்கா? சீனாக்காரன்ர பண்ணைக்குத்தான். துண்டு இல்லை, கூலிக்கு வா எண்டவன். எங்கடை பாட்டிலையே நிண்டு, பக்கத்து வீட்டுக்காரன்ர அட்டை வலையிலை பாசி வழிக்கிறார்."

"விசரன் எண்டு சொன்னவர். அவன் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"அவன் ஒண்டும் கேக்கேல்லை. மன்னிப்புக் கேள் எண்டும் சொல்லேல்லை, விளக்கமும் கேக்கேல்லை. இவருக்குத் தண்ணி வத்துறது தெரியும், அவனுக்கு அது தேவை. நாளைக்கு வா எண்டவன்."

எனக்கு நாக்கு நிற்கவில்லை. "அப்ப அவன்ர கூலியிலைதான் நீ சோறு தின்னுறியோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, தின்னுறன்" என்றாள். "உங்கடை மகன் அவங்களுக்கு மீன் வித்தால் உத்தியோகம். என்ர மனிசன் பாசி வழிச்சால் துரோகம். பரவாயில்லை. சோறு ருசியாத்தான் கிடக்கு."

மகனின் வேலையைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவள் எவ்வளவு நாளாய் அதைத் தெரிந்துகொண்டும் பேசாமல் இருந்தாள் என்று மட்டும் மனம் கணக்குப் பார்த்தது. அவளே மறுபடியும் கதைத்தாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"இவருக்கு இனி எடுக்காதேங்கோ. இவர் உங்கடை நம்பரை அழிச்சுப்போட்டார். எனக்கு எடுங்கோ, நான் கதைப்பன். உங்களுக்கும் அங்கை கதைக்கிறதுக்கு வேறை ஆர் இருக்கினம்."

என் ஆயுளில் என்னை ஒருவரும் பாவம் பார்த்ததில்லை. தொழிற்சாலையில் விரல் வெட்டுப்பட்டு எலும்பு தெரிந்தபோதும் துணியைச் சுற்றிக்கொண்டு பின்னேரம்வரை நின்றவள் நான். நான் வளர்த்தவள், நான் கலியாணம் கட்டிக் கொடுத்தவள், என்னைப் பாவம் பார்த்தாள்.

பதினைந்து நாள் எடுக்காமல் இருந்தேன். பதினாறாம் நாள் எடுத்தேன். அவள் சொன்னபடியே கதைத்தாள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறேன். இங்கே பனி எவ்வளவு என்று சொல்லுகிறேன். முழங்கால் நோவைச் சொல்லுகிறேன். வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றினால் நல்லது, அவளுடைய மகளுக்குப் பேசுகிற அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பழையபடி சொல்லித்தான் பார்க்கிறேன். அவள் மறுத்துப் பேசுவதில்லை. எல்லாவற்றுக்கும் "ஓம் அக்கா" என்கிறாள். பின்னால் சட்டியில் கரண்டி கிண்டுகிற சத்தம் கேட்கும், சமைத்துக்கொண்டுதான் கேட்கிறாள். போன மாதம் அந்த மகளுக்குக் கலியாண எழுத்து, பதிவு எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் வேண்டாம் என்று சொன்ன பொடியன்தான் மாப்பிள்ளை. பண்ணையில் இருக்கிற அதே மொழிபெயர்ப்பாளன். படம் வந்தது. தங்கச்சியும் புருசனும் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். நடுவில், மாலை போட்டுக்கொண்டு, சீனாக்கார மனேச்சர்.

நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த ஞாயிறு எடுத்தபோது படத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பனி உருகத் தொடங்கிவிட்டது என்றேன்.

"ஓம் அக்கா" என்றாள்.